பந்தியா, தனித்தட்டா, கூட்டாஞ்சோறா? நியூ அமெரிக்கன் உணவகத்தில் ஆறு பேர் சாப்பிடும் வழி

எங்கள் கூட்டத்தில் ஒருவர் அடுத்த மாதம் நியூஜெர்சியை விட்டு சியாட்டிலுக்குக் குடிபோகிறார். வழியனுப்பு விருந்து எங்கே என்று வாட்ஸப்பில் கேள்வி வந்தது. வழக்கமாக இதற்கு ஒரே பதில்தான், இந்திய உணவகங்கள் வரிசையாக இருக்கும் ஓக் ட்ரீ ரோடு. இந்தத் தடவை போகிறவரே முந்திக்கொண்டார். "தோசையும் பிரியாணியும் அங்கேயும் கிடைக்கும்டா. டவுன்ல புதுசா ஒரு அமெரிக்கன் ரெஸ்டாரண்ட் திறந்திருக்காங்களே, அங்க போவோம்."

எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிவிட்டார்கள். ஏற்பாடு செய்யும் பொறுப்பு மட்டும் என் தலையில் விழுந்தது. அன்று ராத்திரி மெனுவைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் அவ்வளவு சுலபமில்லை என்று தெரிந்தது. அங்கே சாப்பிட மூன்று வழிகள் இருந்தன. தலைக்கு 95 டாலருக்கு ஆறு பதார்த்தங்கள் வரிசையாக வரும் டேஸ்டிங் மெனு ஒன்று. அவரவருக்கு வேண்டியதை அவரவர் சொல்லும் சாதாரண மெனு இன்னொன்று. மூன்றாவது, மேசை நடுவில் வைத்து எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ளும் சின்னத் தட்டுகளும் ஓரிரு பெரிய தட்டுகளும். எனக்கு இவை பந்தி, தனித்தட்டு, கூட்டாஞ்சோறு என்றுதான் மனதில் பதிந்தன. இனி அப்படியே சொல்கிறேன்.

ஆறு பேர் யார் யார் என்று சொன்னால்தான் சிக்கல் புரியும். ஒருவர் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. ஒருவர் கோழி, மீன் சாப்பிடுவார், மாடும் பன்றியும் தொடமாட்டார். ஒருவருக்குப் பாதாம், வால்நட் போன்ற கொட்டை வகைகள் ஒவ்வாது. ஒருவர் எதையும் சாப்பிடுவார், ஸ்டேக் என்றால் கூடுதலாக ஒரு நாற்காலி கேட்பார். சியாட்டில்காரருக்கு எல்லாவற்றையும் ஒரு வாய் ருசி பார்க்க வேண்டும். ஆறாவது ஆள் நான். எனக்குப் பெரிய கட்டுப்பாடு எதுவும் இல்லை, பில் வரும்போது சண்டை வரக்கூடாது என்பதைத் தவிர.

முதலில் 'நியூ அமெரிக்கன்' என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் குழுவில் பாதிப் பேர் அதைப் 'புதிதாகத் திறந்த அமெரிக்க உணவகம்' என்றே எடுத்துக்கொண்டு, பர்கரும் ஃபிரைஸும் என்று நினைத்திருந்தார்கள். இது ஒரு சமையல் பாணியின் பெயர். இதன் வேரைத் தேடிப் போனால் பெரும்பாலும் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 1971-ல் ஆலிஸ் வாட்டர்ஸ் தொடங்கிய ஷே பனீஸ் உணவகத்தில் போய் நிற்போம். பிரெஞ்சு முறைச் சமையல், ஆனால் பக்கத்துப் பண்ணையில் அன்றைக்கு என்ன கிடைத்ததோ அதை வைத்து. 1982-ல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வுல்ஃப்கேங் பக் என்ற சமையற்கலைஞர் ஸ்பாகோ உணவகத்தைத் திறந்து, புகையூட்டிய சால்மன் மீனைப் பீட்சா மேல் போட்டார். அடுத்த ஆண்டு நியூயார்க்கில் லாரி ஃபோர்ஜியோன் தன் உணவகத்துக்கு 'ஆன் அமெரிக்கன் பிளேஸ்' என்றே பெயர் வைத்தார். அப்புறம் இந்தப் பாணிக்குள் ஜப்பானின் மிசோ என்ற சோயா விழுது வந்தது, கொரியாவின் கோச்சுஜாங் என்ற மிளகாய் விழுது வந்தது, மெக்சிகோ மிளகாய் வந்தது. இன்று ஒரே மெனுவில் இவை எல்லாம் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன.

இந்தக் கதை எதற்கு என்றால், நாம் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு இதில் இரண்டு தடயங்கள் இருக்கின்றன. காய்கறியை இவர்கள் ஒப்புக்குச் சமைப்பதில்லை. ஒரு கேரட்டை விறகடுப்பில் சுட்டு, தயிரும் மசாலாப் பொடியும் சேர்த்துத் தனிப் பதார்த்தமாகவே தருவார்கள். அது நல்ல செய்தி. ஆனால் அடித்தளம் பிரெஞ்சு முறை என்பதால், எலும்பு வேகவைத்த சாறும் விலங்குக் கொழுப்பும் கண்ணுக்குத் தெரியாமல் எங்கெங்கோ கலந்திருக்கும்.

இன்னொன்று. எப்படிச் சாப்பிடுவது என்ற குழப்பம் நமக்கு மட்டும் வந்ததில்லை, உணவகங்களுக்கே இருந்திருக்கிறது. ஷே பனீஸில் கீழ்த்தளத்தில் அன்றைக்கு ஒரே சாப்பாடுதான், வைப்பதைச் சாப்பிட வேண்டும். 1980-ல் மாடியில் ஒரு கஃபேயைத் திறந்து, அங்கே வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று ஆக்கினார்கள். 1994-ல் நியூயார்க்கில் தொடங்கிய கிராமர்சி டாவர்னிலும் இதே ஏற்பாடு. முன்பக்கம் சாவகாசமான டாவர்ன், உள்ளே மரியாதையான டைனிங் ரூம். ஒரே கூரைக்குள் இரண்டு உலகம்.

பந்தி

டேஸ்டிங் மெனுவில் எனக்குப் பிடித்த விஷயம், யாரும் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் இலையில் வருவதைச் சாப்பிடுகிறோமே, அந்த நிம்மதி. ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் தட்டு வரும், ஒரே நேரத்தில் எடுப்பார்கள். 'உன்னுது இன்னும் வரலையா, நான் ஆரம்பிக்கட்டுமா' என்ற பேச்சுக்கே இடமில்லை. பில்லும் நேர்கோடு, ஆறால் வகுத்தால் முடிந்தது.

ஆனால் பந்தியில் சாம்பார் வேண்டாம் என்றால் இலைக்கு மேல் கையை நீட்டித் தடுத்துவிடலாம். இங்கே அது நடக்காது. பெரும்பாலான இடங்களில் டேஸ்டிங் மெனு என்றால் மேசை முழுக்க அதையே எடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஐந்து பேர் அதை எடுத்து ஒருவர் சாலட் சாப்பிடுவதை சமையலறை விரும்பாது, ஏனென்றால் ஒவ்வொரு சுற்றும் நேரக்கணக்கில் ஓடுகிறது. சைவத்துக்கு மாற்று உண்டா என்றால், பெரிய இடங்களில் உண்டு. கலிஃபோர்னியாவில் சமையற்கலைஞர் தாமஸ் கெல்லரின் ஃபிரெஞ்ச் லாண்ட்ரி உணவகத்தில் காய்கறிக்கென்றே தனி டேஸ்டிங் வரிசை வைத்திருக்கிறார்கள். நியூயார்க்கின் லெவன் மேடிசன் பார்க் 2021-ல் முழுக்கவே தாவர உணவுக்கு மாறியது, 2025-ல் இறைச்சியை மறுபடி சேர்த்துக்கொண்டது. நம் டவுன் உணவகத்திடம் அந்த அளவுக்கு எதிர்பார்க்க முடியாது. 'முன்கூட்டிச் சொன்னால் மாற்றித் தருவோம்' என்று மெனுவின் அடியில் ஒரு வரி இருந்தது. அனுபவத்தில் அந்த வரிக்கு அர்த்தம், இறைச்சித் துண்டு இருந்த இடத்தில் ஒரு காளான் உட்கார்ந்திருக்கும், விலை அதே 95 டாலர்.

நேரமும் ஒரு கணக்கு. ஆறு சுற்று என்றால் இரண்டரை மணி நேரம் சர்வசாதாரணமாக ஓடிவிடும். வீட்டில் குழந்தையை விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு, பேபிசிட்டர் மீட்டரும் கூடவே ஓடும். போதாக்குறைக்கு இந்த மாதிரி மேசைக்குப் பல இடங்களில் கிரெடிட் கார்டு எண்ணை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், சில இடங்களில் சினிமா டிக்கெட் போல முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டச் சொல்கிறார்கள். நம் ஆட்கள் ஆறு பேரில் ஒருவராவது கடைசி நாளில் 'ஆபீஸ்ல ரிலீஸ் இருக்கு, வர முடியல' என்பது வழக்கம். அவருடைய 95 டாலரை யார் கேட்பது?

தொகையைப் போட்டுப் பார்த்தேன். 95 வீதம் ஆறு பேருக்கு 570. நியூஜெர்சி விற்பனை வரி 6.625 சதவீதம், 37 டாலர் 76 சென்ட். டிப்ஸ் 20 சதவீதம், 114. ஆக 721 டாலர் 76 சென்ட், தலைக்கு 120 டாலருக்குக் கொஞ்சம் மேலே. திருமண நாளுக்கு இரண்டு ஜோடிகள் போனால் இது சரியான தேர்வு என்பேன். இந்த ஆறு பேருக்கு இல்லை.

தனித்தட்டு

இதுதான் நமக்குப் பழகியது. ஆளுக்கு ஒரு ஸ்டார்ட்டர், ஒரு ஆந்த்ரே, வேண்டுமானால் கடைசியில் இனிப்பு. ஆந்த்ரே என்றால் பிரெஞ்சில் தொடக்கப் பதார்த்தம், அமெரிக்காவில் அதுவே முக்கியச் சாப்பாடு. எப்படிப் புரண்டதோ, மெனு படிக்கும்போது இதை மனதில் வைத்தால் போதும்.

ஒவ்வாமையும் உணவுக் கட்டுப்பாடும் உள்ளவர்களுக்குத் தனித்தட்டைப் போலப் பாதுகாப்பு வேறில்லை. தன் தட்டுக்குத் தானே ராஜா. சர்வரிடம் நேராகப் பேசி, எதை எடுக்க வேண்டுமோ அதை எடுக்கச் சொல்லி, வந்ததை நிம்மதியாகச் சாப்பிடலாம். ஸ்டேக் பிரியருக்கும் கொண்டாட்டம். தன் துண்டு எவ்வளவு வேக வேண்டும், மீடியம் ரேரா, மீடியமா என்று தானே முடிவு செய்துகொள்வார்.

ஆனால் தனித்தட்டு நம் சைவ நண்பருக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். இந்த உணவகத்தின் ஆந்த்ரே பட்டியலில் எட்டுப் பதார்த்தம், அதில் சைவம் ஒன்றே ஒன்று, முழு காலிஃபிளவரை வறுத்து வைப்பது. பட்டியலைப் பார்த்ததுமே அவருடைய முடிவு முடிந்துவிட்டது. மற்ற ஐந்து பேரும் பத்து நிமிஷம் மெனுவோடு போராடும்போது அவர் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நல்ல காய்கறிப் பதார்த்தங்கள் எல்லாம் சின்னத் தட்டுப் பகுதியில் இருக்கின்றன. விறகடுப்பில் சுட்ட கேரட், பீட்ரூட்டும் ஆட்டுப்பால் சீஸும், தக்காளியோடு புர்ராட்டா என்ற மென்மையான சீஸ், மிளகாய் எண்ணெய் ஊற்றிய சோளம். அதாவது இந்தச் சமையலின் உண்மையான கெட்டிக்காரத்தனம் எங்கே இருக்கிறதோ, அந்தப் பகுதியைத் தனித்தட்டு முறை தாண்டிப் போய்விடுகிறது.

சியாட்டில்காரருக்கும் இது ஆகாது. எல்லாவற்றையும் ருசி பார்க்க வருகிறவர், ஒரே ஒரு அரைக்கோழியோடு முடித்துக்கொள்வாரா? நிச்சயம் அடுத்தவர் தட்டில் கரண்டியை விடுவார். நம்மில் எச்சில் பார்க்கிறவர்களும் உண்டு. அவர் கரண்டி ஒரு பக்கம் வரும்போது இவர் முகம் இன்னொரு பக்கம் போகும்.

கூட்டாஞ்சோறு

சின்னத் தட்டுகளைச் சொல்லி நடுவில் வைத்துப் பகிர்வது. சர்வரைக் கேட்டால், ஆளுக்கு இரண்டு மூன்று தட்டு வீதம் சொல்லுங்கள் என்பார். அதை அப்படியே நம்ப வேண்டாம், நடுவில் பெரிய தட்டு ஒன்றிரண்டு வருகிறதென்றால் ஆளுக்கு ஒன்றரை வீதம் தாராளம். எங்கள் கணக்கு இப்படி வந்தது. பத்துச் சின்னத் தட்டு, சராசரி 18 டாலர், 180. நடுவில் வைக்க முழுக்கோழி வறுவல் ஒன்று 58, ஷார்ட் ரிப் என்ற மாட்டு விலா இறைச்சி ஒன்று 72. இனிப்பு மூன்று, 39. மொத்தம் 349. வரியும் 20 சதவீத டிப்ஸும் சேர்த்தால் 441 டாலர் 92 சென்ட், தலைக்கு 74 டாலருக்குள். பந்தியைவிட ஆளுக்கு 46 டாலர் மிச்சம், பதினைந்து வகை ருசி.

இதன் குறைகளையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முதல் குறை, எண்ணிக்கை. சின்னத் தட்டில் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு துண்டு வைப்பார்கள். ஆறு பேர் மேசையில் ஸ்காலப் என்ற சிப்பித் துண்டு நான்கு வந்தால் இருவருக்கு இல்லை. தமிழர்கள் கூடினால் இன்னொரு கூத்தும் நடக்கும். கடைசித் துண்டை யாரும் எடுக்கமாட்டார்கள். 'நீ எடு', 'இல்ல நீ எடு' என்று அது ஆறிப்போய், சர்வர் வந்து தட்டோடு தூக்கிக்கொண்டு போவார். துண்டுக் கணக்கில் வருவதை இரண்டு தட்டாகச் சொல்ல வேண்டும். 'ஆறு பேர் இருக்கிறோம், ஆறாக வைக்க முடியுமா' என்று கேட்டால் பல இடங்களில் அதற்கேற்ற விலையில் வைத்தும் தருகிறார்கள்.

இரண்டாவது, வேகம். தயாராகத் தயாராகக் கொண்டுவருவோம் என்று சொல்லிவிட்டு, பத்து நிமிஷத்தில் ஏழு தட்டைக் கொண்டுவந்து அடுக்கிவிடுவார்கள். மேசையில் தண்ணீர் டம்ளருக்கு இடமிருக்காது. இதற்கு மருந்து, முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லாமல் இரண்டு தவணையாகச் சொல்வது. முதலில் ஐந்து காய்கறித் தட்டு. அது பாதி முடிந்த பிறகு மீதி.

மூன்றாவது குறைதான் பெரியது. பகிரும் மேசையில் எதில் என்ன இருக்கிறது என்று ஆறு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இதில் எங்களுக்குப் பழைய அடி ஒன்று உண்டு. சில வருஷங்களுக்கு முன்னால் வேறொரு உணவகத்தில் வெங்காய சூப் வாங்கினோம். மெனுவில் வெங்காயமும் சீஸும் என்றுதான் இருந்தது. சைவ நண்பர் மூன்று கரண்டி குடித்துவிட்டு, நல்லாருக்கே என்றார். அப்புறம்தான் யாரோ கேட்டார்கள். பிரெஞ்சு வெங்காய சூப்பின் உயிரே மாட்டெலும்புச் சாறு. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அந்த மேசையில் அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அதிலிருந்து நான் மனதில் சேர்த்து வைத்திருக்கும் பட்டியல் நீளமானது. சீசர் சாலட்டின் டிரெஸ்ஸிங்கில் நெத்திலி வகை மீன் இருக்கும், முட்டை மஞ்சளும் இருக்கும். ரிசோட்டோ என்ற இத்தாலியச் சோற்றைப் பல இடங்களில் கோழிச் சாற்றில் வேகவைக்கிறார்கள். பிரஸ்ஸல்ஸ் ஸ்பிரவுட் என்ற குட்டி முட்டைக்கோஸை பேக்கன் என்ற பன்றி இறைச்சியோடு வதக்குவது இங்கே கிட்டத்தட்ட தேசிய வழக்கம். ஃபிரைஸ் உருளைக்கிழங்குதானே என்று நினைத்தால், வாத்துக் கொழுப்பிலோ மாட்டுக் கொழுப்பிலோ பொரிக்கும் இடங்கள் உண்டு, அதைப் பெருமையாக மெனுவிலேயே போடுவார்கள். கீரை என்று நம்பி காலர்ட் கிரீன்ஸ் வாங்கினால் பன்றிக்கால் துண்டு உள்ளே கிடக்கும். கொரிய ஊறுகாயான கிம்ச்சியில் பெரும்பாலும் மீன் சாறு அல்லது இறால். பன்னா கோட்டா இனிப்பில் விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். அசல் பார்மிஜானோ ரெஜியானோ சீஸ் என்றால் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட்டில்தான் பால் திரிக்கிறார்கள். இந்த அளவுக்குப் பார்ப்பதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம், எங்கள் நண்பர் சீஸ் வரைக்கும் போவதில்லை. முட்டை விஷயத்தில் மட்டும் விடமாட்டார். அமெரிக்காவில் வெஜிடேரியன் என்றால் முட்டை அதில் அடக்கம், ஆகவே 'நோ எக்' என்று தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். பிரியோஷ் பன், ஐயோலி என்ற பூண்டு மயோனைஸ், ஃபிரெஷ் பாஸ்தா, கஸ்டர்ட் எல்லாவற்றிலும் முட்டை உட்கார்ந்திருக்கிறது. சிலர் சுலபமாக இருக்கட்டும் என்று வீகன் என்று சொல்லிவிடுவார்கள். முட்டை போகும், கூடவே வெண்ணெயும் தயிரும் புர்ராட்டாவும் போய்விடும். அது நஷ்டம்.

மாடு, பன்றி சாப்பிடாதவருக்கு வேறு சிக்கல், பெயர்கள். மெனுவில் 'பீஃப்' என்ற சொல்லே இல்லாமல் மாடு வரும். ஷார்ட் ரிப், ஹாங்கர், பிரிஸ்கெட் எல்லாம் மாட்டின் பாகங்கள். டார்டார், கார்பாச்சியோ என்று மட்டும் போட்டிருந்தால் பெரும்பாலும் பச்சை மாட்டிறைச்சி. பன்றிக்கு இத்தாலியப் பெயர்கள். பான்செட்டா, புரொஷூட்டோ, குவான்சியாலே, ஸ்பெக். ஸ்வீட்பிரெட் என்று பார்த்துவிட்டு ஒருவர் இனிப்பு ரொட்டி என்று கையை உயர்த்தினார். அது கன்றின் கழுத்துச் சுரப்பி.

கொட்டை ஒவ்வாமை இதைவிட ஆபத்தானது, இங்கே தவறுக்கு விலை ஆம்புலன்ஸ். ரொமெஸ்கோ சட்னியில் பாதாம் அல்லது ஹேசல்நட் அரைத்திருக்கும், டுக்கா தூவலில் ஹேசல்நட், பெஸ்டோவில் பைன் நட்டுக்குப் பதில் வால்நட் போடுகிறவர்கள் உண்டு. அமெரிக்காவின் மத்தியச் சட்டம் பால், முட்டை, மீன், நண்டு-இறால் வகை, மரக்கொட்டைகள், நிலக்கடலை, கோதுமை, சோயா, எள் என்று ஒன்பதை முக்கிய ஒவ்வாமைப் பொருள்களாக வைத்திருக்கிறது. எள் கடைசியாக 2023-ல் சேர்ந்தது. ஆனால் அந்த லேபிள் விதி பாக்கெட்டில் அடைத்த உணவுக்கு, உணவகத் தட்டில் யாரும் லேபிள் ஒட்டித் தருவதில்லை. ஆகவே பகிரும் மேசையில் ஒரு வழிதான். கொட்டை உள்ள எதையுமே அன்றைக்கு மேசைக்கு வரவிடக்கூடாது. 'நீ அதைத் தொடாதே' என்று சொல்லிவிட்டு நடுவில் வைத்தால், ரொமெஸ்கோவில் முங்கிய கரண்டி அடுத்த தட்டுக்குப் போக ஐந்து நிமிஷம் ஆகாது.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் நான் கூட்டாஞ்சோறு பக்கம்தான் சாய்கிறேன். காரணம் அந்தச் சைவ நண்பர்தான். முதல் தவணை ஐந்து தட்டும் முட்டையில்லாத சைவம் என்றால், அவர் சாப்பிடுவதையே எல்லாரும் சாப்பிடுகிறோம். அவருக்காக யாரும் ஒதுக்கீடு செய்ய வேண்டியதில்லை, அவரும் 'எனக்காகப் பார்க்காதீங்க' என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லாம் சாப்பிடுகிறவருக்கு சைவத் தட்டால் எந்த நஷ்டமும் வராது. அந்தக் கேரட் நிஜமாகவே நன்றாக இருக்கும்.

பில்லும் டிப்ஸும்

மேலே சொன்ன வெங்காய சூப் இரவிலேயே இரண்டாவது கூத்தும் நடந்தது. அன்று தனித்தட்டுதான், சூப் மட்டும் பொது. சைவ நண்பர் சாப்பிட்டது சாலட்டும் ஃபிரைஸும், 31 டாலர். மற்றவர்கள் ஸ்டேக்கும் வைனும். பில் வந்ததும் ஒருவர் தாராள மனசோடு 'ஈக்வலா போட்டுடலாம்' என்றார். சைவ நண்பரின் பங்கு 98 டாலர். மறுபேச்சுப் பேசாமல் கொடுத்தார். அடுத்த இரண்டு சந்திப்புக்கு அவர் வரவில்லை, காரணத்தை நாங்களாகத்தான் புரிந்துகொண்டோம்.

பகிர்ந்து சாப்பிட்டால் சமமாகப் பிரிப்பது நியாயத்துக்குக் கிட்டே வருகிறது, ஆனால் முழுக்க வரவில்லை. பெரிய இறைச்சித் தட்டுகள்தானே விலையைத் தூக்குகின்றன? அதனால் நாங்கள் போட்ட விதி, நடுமேசைக்கு வரும் சைவம், இனிப்பு எல்லாம் ஆறால் வகுபடும். கோழி அதைச் சாப்பிடும் ஐந்து பேர் கணக்கு. ஷார்ட் ரிப் மாடு சாப்பிடுகிற நான்கு பேர் கணக்கு. கார்டு ஒருவர் போடுவார், மற்றவர்கள் பங்கை ஸ்பிளிட்வைஸ் என்ற கணக்கு ஆப்பில் ஏற்றி, ஜெல் என்ற பணப் பரிமாற்ற ஆப்பில் அனுப்பிவிடலாம். ஆறு கார்டை நீட்டி 'இதில் 40, அதில் 62' என்று சர்வரைப் படுத்துவது அநாகரிகம். இரண்டு மூன்று கார்டுக்கு மேல் வாங்காத உணவகங்களும் உண்டு.

டிப்ஸ் விஷயத்தில் பழைய விவாதத்தைக் கிளப்ப விருப்பமில்லை. மத்தியச் சட்டத்தில் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர் 13 சென்ட், 1991-லிருந்து அந்த எண் அசையவில்லை. மாநிலங்கள் பல இதைவிடக் கூடுதலாக வைத்திருக்கின்றன, கலிஃபோர்னியா, வாஷிங்டன் போன்றவை முழுக் குறைந்தபட்சக் கூலியையே தரச் சொல்கின்றன. எப்படியிருந்தாலும் முறை மாறும்வரை டிப்ஸை நம்பித்தான் அவர்கள் இருக்கிறார்கள். டேனி மேயர் என்ற பெரிய உணவக முதலாளி 2015-ல் டிப்ஸே வேண்டாம் என்று விலையோடு சேர்த்துப் பார்த்தார், 2020-ல் கைவிட்டார். ஆகவே 18-லிருந்து 20 சதவீதம் என்று மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று, ஆறு பேரோ அதற்கு மேலோ போனால் பல இடங்களில் 20 சதவீதத்தை அவர்களே பில்லில் போட்டுவிடுவார்கள், கீழே டிப்ஸுக்கும் ஒரு காலி வரி இருக்கும். அதைப் பார்க்காமல் இரண்டு தடவை கொடுத்தவன் நான்.

மதுக் கணக்கு இந்தத் தடவை எங்களுக்குத் தொல்லையில்லை. அந்த உணவகத்துக்கு மது உரிமம் இல்லை. நியூஜெர்சியில் ஓர் ஊரின் மக்கள்தொகையில் மூவாயிரம் பேருக்கு ஓர் உரிமம் என்ற வரம்பு இருப்பதால், இங்கே நல்ல உணவகங்கள் பலவும் பாட்டிலை நீயே கொண்டுவா ரகம். வைனும் பீரும் கொண்டுபோகலாம், விஸ்கி கூடாது. உரிமம் இல்லாத இடத்தில் பாட்டிலைத் திறக்கக் கட்டணமும் வாங்கக்கூடாது. குடிக்கிறவர்கள் குடிக்கிறவர்களுக்குள் பார்த்துக்கொள்ளலாம், குடிக்காதவர் தலையில் காக்டெய்ல் விலை விழாது. வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் இந்த வசதியை எதிர்பார்க்க வேண்டாம், அங்கே காக்டெய்ல் இரண்டு போனால் மேலே போட்ட கணக்கு எல்லாம் தலைகீழ்.

காலையும் மதியமும் சேர்ந்த சாப்பாடான பிரஞ்ச் போகலாமே என்று ஒருவர் கேட்டார். பிரஞ்ச் மெனு முக்கால்வாசி முட்டை. அங்கேயே அது முடிந்தது. உணவகங்கள் சலுகை விலையில் சாப்பாடு போடும் ரெஸ்டாரண்ட் வீக் வரை காத்திருக்கலாம் என்றார் இன்னொருவர். நியூயார்க்கில் 1992-ல் 19 டாலர் 92 சென்ட் மதியச் சாப்பாடாகத் தொடங்கிய நல்ல வழக்கம்தான், ஆனால் சியாட்டில் போகிற நண்பரின் சாமான் ஏற்றும் லாரி அதற்கு முன்னால் வந்துவிடும்.

இடம் பிடிப்பதில் கடைசியாக ஒரு சின்னத் தந்திரம். மேசை முன்பதிவு செய்யும் ஆப்பில் ஆறு பேர் என்று போட்டால் சாயங்காலம் 5 மணி, இல்லையென்றால் ராத்திரி 9 மணி என்றது. நேற்று மதியம் மூன்று மணிக்கு, அவர்களுக்குக் கூட்டமில்லாத நேரம் பார்த்து, நேராகப் போன் போட்டேன். சனிக்கிழமை ஆறரை கிடைத்தது, இரண்டு மணி நேரத்தில் மேசையை விட்டுத்தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. கொட்டை ஒவ்வாமை, முட்டை இல்லாத சைவம் இரண்டையும் குறித்துக்கொள்ளச் சொன்னேன். ரிசோட்டோவைக் காய்கறிச் சாற்றில் செய்வதாகவும், ஃபிரைஸ் மட்டும் வாத்துக் கொழுப்பு என்றும் அந்தப் பெண் தானாகவே சொன்னார். ரொமெஸ்கோ இல்லாமல் கேரட் தர முடியுமா என்று சமையலறையில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். தனியாகப் பரிமாறும் கரண்டி வேண்டும் என்றதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்து, 'தட்டுக்கு ஒன்றா?' என்றார். ஆமாம், தட்டுக்கு ஒன்று.

குழுவில் எல்லாவற்றையும் எழுதிப் போட்டேன். சைவ நண்பரிடமிருந்து முதல் பதில் வந்தது. "ஃபிரைஸ் வேணாம், மத்தது எல்லாம் சரி. நான் வர்றேன்." ஸ்டேக் பிரியர் மட்டும் இன்னும் பதில் போடவில்லை. ஷார்ட் ரிப் ஒன்று நான்கு பேருக்குப் போதுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார் போல.